இரண்டு சைரன்கள்

"போபால் ஒரு விபத்துதானே தோழர், மெஷின் கெட்டுப்போனா யார் என்ன பண்ண முடியும்?" என்று ஒரு கூட்டத்தில் மாணவர் ஒருவர் கேட்டார். நான் தமிழ் எம்.ஏ. படித்தவன், ரசாயனம் தெரியாது. ஆனால் அந்த ராத்திரியைப் புரிந்துகொள்ள ரசாயனம் வேண்டியதில்லை. யாருடைய உயிர் கணக்கில் வந்தது, யாருடையது வரவில்லை என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

1984 டிசம்பர் 2 நள்ளிரவு. யூனியன் கார்பைடு ஆலையின் 610ஆம் எண் தொட்டியில் சுமார் 40 டன் மீதைல் ஐசோசயனேட் இருந்தது. அதற்குள் தண்ணீர் புகுந்து கொதித்தது. குழாய் கழுவும்போது புகுந்தது என்றார்கள் தொழிலாளர்கள். நாசவேலை என்றது கம்பெனி. எப்படியோ புகுந்தது என்றே வைத்துக்கொள்வோம். எந்திரம் பழுதாகும், மனுசன் தவறுவான், கெட்டவன் கெடுப்பான். அதையெல்லாம் தாங்கத்தானே பாதுகாப்பு ஏற்பாடு?

அந்த ஏற்பாடுகளைப் பாருங்கள். தொட்டியைக் குளிர வைக்கும் எந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். வாயுவைக் காஸ்டிக் சோடாவால் கழுவும் கருவி அவ்வளவு வாயுவைத் தாங்கக்கூடியதே அல்ல. வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரத்துக் குழாய் கழற்றிக் கிடந்தது. தண்ணீர் பீய்ச்சினார்கள், அது சுமார் 15 மீட்டரோடு நின்றது. வாயு போனதோ 33 மீட்டர் உயரத்தில். இவை ஒரே ராத்திரியில் கெட்டவை அல்ல. ஆலை நஷ்டத்தில் ஓடியது, செலவைக் குறைத்தார்கள்.

சொல்ல ஆளில்லாமலும் இல்லை. 1981 டிசம்பரில் பாஸ்ஜீன் பட்டு ஒரு தொழிலாளி செத்தார். 1982இல் அமெரிக்காவிலிருந்து வந்த கம்பெனிக் குழுவே குறைகளை எழுதிக் கொடுத்தது. அதே ஆண்டில் பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி ஊருக்கு வரப்போகும் ஆபத்தை எழுதினார். யார் காதில் விழுந்தது?

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது சைரனைப் பற்றி. அங்கே சைரன் இரண்டு. ஒன்று ஆலைக்கு உள்ளே, இன்னொன்று ஊருக்கு. ஊருக்கான சைரன் கொஞ்ச நேரம் ஒலித்ததும் நிறுத்தப்பட்டது. சின்னக் கசிவுக்கெல்லாம் சனங்களைக் கலவரப்படுத்தக் கூடாது என்பது கம்பெனியின் நடைமுறை. உள்ளே இருந்தவர்கள் காற்றடிக்கும் திசை பார்த்து எதிர்ப்பக்கம் ஓடினார்கள். வெளியே ஜெயப்பிரகாஷ் நகரில், காஜி கேம்ப்பில், ஏழை முஸ்லிம்களும் ஒடுக்கப்பட்ட சாதி மக்களும் தூக்கத்திலிருந்து எழுந்து, காற்று போன பக்கமே ஓடினார்கள். அந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு போகும். குழந்தைகளை முதலில் பிடித்தது. ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடியிருந்தால் பலர் பிழைத்திருப்பார்கள். அதைச் சொல்லக் காசா பணமா? ஒருத்தரும் சொல்லி வைக்கவில்லை. மருத்துவமனை டாக்டர்களுக்கே அது என்ன விஷம், என்ன மருந்து என்று தெரியவில்லை.

ஆகவே மாணவத் தோழருக்கு என் பதில் இது: மெஷின் கெட்டது விபத்தாக இருக்கலாம். சைரனை அணைத்தது முடிவு. நமக்குச் சொல்லத் தேவையில்லை என்ற முடிவு.

முதலில் அரசு சொன்ன சாவுக் கணக்கு 2,259. பிறகு மாநில அரசே 3,787 என்றது. உண்மை அதைவிடப் பல மடங்கு என்கிறார்கள் பாதிக்கப்பட்டவர்கள். 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம். 2010இல் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுத் தண்டனை, உடனே ஜாமீன்.

அத்தனை பேர் செத்த பிறகுதான் சட்டம் வந்தது. 1987இல் தொழிற்சாலைச் சட்டம் திருத்தப்பட்டது. ஆபத்தையும் அவசரத் திட்டத்தையும் அக்கம்பக்கத்து மக்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. 1989 விதிகள் ஆலைக்கு உள்ளே ஒரு திட்டம், வெளியே ஒரு திட்டம் என்றன. தாளில் எல்லாம் இருந்தது. 2020 மே 7 விடியற்காலை விசாகப்பட்டினத்தில் ஸ்டைரீன் கசிந்து 12 பேர் இறந்தார்கள். அன்றும் ஊருக்கு சைரன் ஒலிக்கவில்லை.

ஆலைகள் சேரிக்குப் பக்கத்திலும், சேரிகள் ஆலைக்குப் பக்கத்திலும்தான் வருகின்றன. அங்கே வேலை செய்யும் தோழர்கள் மூன்றே கேள்வி கேளுங்கள். உள்ளே என்ன விஷம்? கசிந்தால் நாங்கள் எந்தப் பக்கம் ஓடணும்? ஆஸ்பத்திரியில் அதற்கு மருந்து இருக்கிறதா? பதில் வரவில்லை என்றால் அவர்களுடைய திட்டத்தில் நாம் இல்லை என்று அர்த்தம்.