பனி நீரும் பறிபோன மொழியும்

கிரனாடாவின் வீழ்ச்சியை எழுதுவோர் பெரும்பாலும் அல்ஹம்ரா மாளிகையின் வாயிலிலேயே நின்றுவிடுகின்றனர். ஹிஜ்ரி 897இல் (கி.பி. 1492) நகரம் கைமாறியதுடன் அந்தலுஸின் கதை முடிந்தது என்றோர் எண்ணம் நம்மிடையே உண்டு. அதன் பின்னரும் ஏறத்தாழ 80 ஆண்டுகள் அம்மக்கள் அருகிலிருந்த மலைகளில் உழுது வாழ்ந்தனர். அதனை அறிய, ஸியர்ரா நெவாடாவின் தென்சரிவிலுள்ள அல்புஹாராப் பகுதிக்குச் செல்ல வேண்டும். அங்குள்ள பெர்ச்சூலெஸ் என்னும் சிற்றூரை இங்கு எடுத்துக்கொள்வோம்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் அமைந்த ஊர் அது. குளிர்காலத்தில் அதன் மேலுள்ள சிகரங்களைப் பனி மூடும். கோடையிலோ மழை மிக அரிது. பயிர் நீருக்கு ஏங்கும் மாதங்களில் வானம் வறண்டிருக்கும். இளவேனிலில் உருகும் பனிநீரை விட்டுவிட்டால், அது செங்குத்தான பள்ளத்தாக்குகளில் பாய்ந்து கடலை அடைந்துவிடும். இந்தச் சிக்கலுக்கு முஸ்லிம் உழவர்கள் கண்ட தீர்வு வியப்புக்குரியது. அணை கட்டி நீரைத் தேக்காமல், மலைக்குள்ளேயே அதனைச் சேமித்தனர். உயரத்தில் வெட்டிய மண் கால்வாய்களில் பனிநீரைத் திருப்பி, நீர் உறிஞ்சும் நிலப்பகுதிகளில் பரவவிட்டனர். நிலத்துள் இறங்கிய நீர் பாறையிடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்து, ஊருக்கருகே ஊற்றுகளாகப் புறப்பட்டது. படிக்கட்டு வயல்கள் கோடையிலும் பசுமையாயிருந்த இரகசியம் இதுவே.

அக்கால்வாயை ஸ்பானியர் இன்றும் ‘அஸேக்கியா’ என்கின்றனர். அது ‘அஸ்ஸாகியா’ என்னும் அரபுச் சொல்லே. குளம் ‘அல்பெர்க்கா’, அதாவது அல்பிர்கா. நீர்த்தொட்டி ‘அல்ஹீபே’, அதாவது அல்ஜுப்பு. யூசுஃப் (அலை) அவர்கள் எறியப்பட்ட கிணற்றைத் திருக்குர்ஆன் இச்சொல்லாலேயே குறிக்கிறது. ‘ஸகா’ என்னும் வினைச்சொல்லை மாணவர்க்கு நடத்தும்போதெல்லாம் நமக்கு இம்மலைக் கால்வாய்கள் நினைவில் எழுவதுண்டு.

இம்மொழியைத்தான் இரண்டாம் பிலிப்பின் ஆட்சி 1567இல் தடை செய்தது. மூன்றாண்டுகளுக்குப் பின் அரபியில் பேசுவதும் எழுதுவதும் கூடாது, ஹம்மாம்கள் கூடாது, வெள்ளிக்கிழமைகளில் வீட்டுக் கதவுகள் திறந்தே இருக்க வேண்டும். வற்புறுத்தி மதம் மாற்றப்பட்டு ‘மொரிஸ்கோ’ என அழைக்கப்பட்ட அம்மக்கள் 1568 டிசம்பரில் கிளர்ந்தெழுந்தனர். அவர்களின் இறுதித் தலைவர் இப்னு அப்பூ, பெர்ச்சூலெஸை அடுத்த குகைகளில் மறைந்திருந்தபோது, 1571 மார்ச்சில் தம்முடன் இருந்தவர்களாலேயே கொல்லப்பட்டார். கிரனாடா நாட்டிலிருந்து சுமார் 80,000 பேர் காஸ்தீல் முதலிய பகுதிகளுக்குப் பெயர்த்தெறியப்பட்டனர். அக்கிளர்ச்சியில் இரு தரப்பிலும் கொடுமைகள் நிகழ்ந்தன என்பதையும் மறைக்காமல் கூறவேண்டும்.

காலியான ஊர்களில் கலீஸியா, லியோன், காஸ்தீல் பகுதி மக்கள் குடியேற்றப்பட்டனர். அரபி பேசினால் தண்டனை என்ற நாட்டில், வந்தவர்கள் வாயிலும் அஸேக்கியா என்னும் சொல் நிலைத்தது. மாற்றுச் சொல்லைத் தேடுவதற்கு அவர்களுக்கு நேரம் இருந்திருக்காது. நீர்முறை தவறினால் பயிர் கருகும்.

இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர, பல கால்வாய்கள் தூர்ந்தன. வறட்சியும் குறைந்துவரும் பனியும் அச்சுறுத்தவே, 2014 முதல் கிரனாடாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தன்னார்வலர்களுடனும் ஊர் உழவர்களுடனும் மண்வெட்டி ஏந்தி அவற்றைத் தூர்வாரத் தொடங்கினர். பழைய தடங்கள் எங்கே ஓடின என்பதை அவர்களுக்குக் காட்டியவர்கள், நீர்முறை காத்த முதியவர்களே.