டீக்கன் வீட்டுப் பெண்

ஆங்கிலத்தில் நாவல் எழுதிய இந்தியப் பெண்களைப் பற்றிப் பேச்சு வந்தால், கிருபாபாய் சத்தியநாதனின் பெயரை முதல் வரிசையில் வைப்பது வழக்கம். அவருடைய 'சகுணா' 1887-88ல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பத்திரிகையில் தொடராக வந்தது. கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு அந்த அம்மையாரிடம் மிகுந்த மரியாதை உண்டு. அவர் மராத்தியப் பெண், அகமதுநகரில் பிறந்தவர். சத்தியநாதன் என்பதோ நம் பக்கத்துப் பெயர். இது அவருக்கு எப்படி வந்தது என்று தேடப் போனேன். தேடிய வழி என்னைத் திருநெல்வேலிச் சீமையில், செம்மண் தேரிக்கும் பனங்காட்டுக்கும் நடுவே உள்ள கடாட்சபுரத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கே ஊழியம் செய்த ஜான் தேவசகாயம் என்ற மனிதர்தான் என் மனத்தில் நின்றார்.

தேவசகாயம் பிறந்தது 1785ல். தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனைச் சேர்ந்த ஜான் பாதிரியாரிடம் படித்தார். அந்தப் பாதிரியாருக்கு ஓர் ஆவல் இருந்தது. ஊருக்கு ஊர் இலவசப் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும். ஏழைக் குழந்தை எதுவானாலும் அங்கே வந்து எழுத்துக் கற்க வேண்டும். 1813ல் அவர் காலமானார். ஆனால் பள்ளிக்கூடங்களைச் சுற்றி வந்து மேற்பார்த்த சீடரிடம் அந்த ஆவல் தங்கிவிட்டது. தேவசகாயத்தை வெறும் மதபோதகராக மட்டும் நினைக்க எனக்கு மனம் வருவதில்லை. அவருக்குள் கடைசி வரையில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் இருந்தார்.

1830ல் சென்னையில் அவருக்கு டீக்கன் பட்டம் கொடுத்தார்கள். அப்போது வயது நாற்பத்தைந்து. டீக்கன் என்ற சொல்லுக்குக் கிரேக்க மொழியில் பணிவிடைக்காரன் என்று பொருள். தமிழ் வேதாகமம் உதவிக்காரர் என்கிறது. ஆங்கிலிக்கன் சபையில் டீக்கன் பிரசங்கம் செய்யலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம், நோயாளிகளைப் போய்ப் பார்க்கலாம். ஆனால் நற்கருணையை நடத்த அவருக்கு அதிகாரம் கிடையாது. அதற்குக் குருப்பட்டம் வேண்டும். தேவசகாயத்துக்கு அது கிடைத்தது 1836ல். ஆக, ஆறு வருஷம் அவர் உதவிக்காரராகவே இருந்தார்.

அந்த ஆறு வருஷத்துக்குள்தான் திருநெல்வேலிச் சபைக்குப் பெரிய சோதனை வந்தது. 1820 முதல் அங்கே உழைத்துச் சபைகளைப் பெருக்கியவர் ரேனியஸ் ஐயர் என்ற ஜெர்மானியர். ஆங்கிலிக்கன் சபையின் முறைகளைக் கண்டித்து எழுதியதற்காக, சர்ச் மிஷனரி சங்கம் 1835ல் அவரை விலக்கியது. போனவர் திரும்பி வந்தார். உபதேசியார்களில் பலர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். சபை இரண்டாகப் பிளந்தது. தேவசகாயம் சங்கத்தோடு நின்றார். 1838ல் ரேனியஸ் மறைந்த பிறகுதான் பிளவு ஆறத் தொடங்கியது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. தன்னோடு ஜெபித்தவர்கள் எதிர்ப்பக்கம் போய் நிற்க, பழைய இடத்திலேயே நிற்பதும் சுலபமான காரியம் அல்ல என்று மட்டும் தோன்றுகிறது.

இனி அவருடைய வீட்டுக்குள் போவோம். மகன் ஜேசுதாசன் ஜானும் குருவானார். அப்பனுடைய அங்கி பிள்ளைக்கு வந்தது. அதில் அதிசயம் இல்லை. பெண்ணுக்கு என்ன வந்தது? அன்னாள் என்று ஒரு மகள். அந்தக் காலத்துச் சபையில் பெண்ணுக்குப் பட்டமும் இல்லை, பிரசங்க பீடமும் இல்லை. தகப்பனார் கொடுக்கக்கூடியதாக இருந்தது படிப்பு ஒன்றுதான். அது அவளுக்குக் கிடைத்தது. பெண்பிள்ளை ஏட்டைத் தொட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பலர் நம்பிய காலம் அது.

1849ல் அன்னாள், டபிள்யூ. டி. சத்தியநாதன் என்ற இளைஞரை மணந்தார். இந்துக் குடும்பத்தில் பிறந்து, பாளையங்கோட்டை மிஷன் பள்ளியில் படித்துக் கிறிஸ்தவரானவர் அவர், பின்னால் குருவுமானார். 1860களில் தம்பதிகள் சென்னைக்கு வந்தார்கள். அங்கே அன்னாள் அம்மாள் பெண்களுக்குப் பள்ளிக்கூடங்கள் ஏற்படுத்தினார். வாசல் தாண்டி வராத பெண்களுக்கு அவர்கள் வீடுகளுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தார். பிள்ளை வளர்ப்பைப் பற்றித் தமிழில் ஒரு புத்தகமும் எழுதினார்.

1878ல் வைத்தியக் கல்லூரியில் படிக்கச் சென்னைக்கு வந்த ஒரு மராத்தியப் பெண் அந்த வீட்டில்தான் தங்கினாள். உடம்பு ஒத்துழைக்கவில்லை, படிப்பு நின்றது. 1881ல் அன்னாளின் மகன் சாமுவேலை மணந்தாள். நாம் தேடி வந்த கிருபாபாய் இவர்தான். 'சகுணா'வுக்குப் பிறகு 'கமலா' என்ற நாவலும் எழுதி, 1894ல், முப்பத்திரண்டே வயதில் கண்ணை மூடினார். சாமுவேலின் இரண்டாவது மனைவியின் பெயரும் கமலா. அவர் 1901ல் பெண்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். வங்கத்து முஸ்லிம் மாதரசி ரொக்கேயா எழுதிய 'சுல்தானாவின் கனவு' 1905ல் அந்தப் பத்திரிகையில்தான் வெளியாயிற்று. பெண்கள் ராஜ்யம் ஆள, ஆண்கள் அந்தப்புரத்தில் அடைந்து கிடக்கும் ஒரு தேசத்தைப் பற்றிய கதை அது!

இதெல்லாம் தேவசகாயத்தால்தான் நடந்தது என்று சொன்னால் அந்தப் பெண்களுக்கு அநியாயம் செய்தவனாவேன். கிருபாபாயின் திறமை அவருடையது; கமலாவின் உழைப்பு அவருடையது. ஆனாலும், எழுதுகிற பெண்ணை மருமகளாகக் கொண்டாட ஒரு வீடு வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்குப் படிக்கத் தெரிந்த மாமியார் வேண்டியிருந்தது. அந்த மாமியாருக்கு, பெண் படிக்கட்டும் என்று விட்ட ஒரு தகப்பன் வேண்டியிருந்தது.

தேவசகாயம் 1864ல் காலமானார். முதல் தமிழ்க் குருமார்களில் ஒருவர் என்று சபை வரலாறு அவருக்கு இடம் கொடுத்திருக்கிறது. டீக்கனாக இருந்ததும் குருவானதும் வருஷக் கணக்கோடு அதில் பதிவாகியிருக்கின்றன. மகள் எந்த நாளில் முதல் எழுத்தை எழுதினாள் என்பதை யாரும் குறித்து வைக்கவில்லை. எனக்கென்னவோ, அந்த நாளைத்தான் தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது.