ஏறிப் பார்க்கலாம்

போர்ட்டிக்சன் கடலுக்குக் குளிக்கப் போகிற குடும்பங்கள் சி ரூசாவில் இறங்குவது பெரும்பாலும் பிள்ளைகளின் நச்சரிப்பால்தான். அங்கே தரைப்படை அருங்காட்சியகம் இருக்கிறது. வெளியே பழைய இராணுவ வண்டிகள் நிற்கின்றன. இடம் பொருத்தமானதுதான்: 1933 மார்ச் 1இல், 25 பேரோடு, மலாய் ரெஜிமெண்ட் பரிசோதனையாகத் தொடங்கப்பட்டது போர்ட்டிக்சனில்.

பழைய வண்டிகளைக் காட்சிக்கு வைக்கிறவர்களிடம் தீராத வழக்கு ஒன்று உண்டு. கயிறு கட்டித் தள்ளி நிறுத்துவதா, ஏறிப் பார்க்க விடுவதா? சாயம் உரியும், கைபட்ட இடம் துருப்பிடிக்கும், பிள்ளை விழுந்தால் யார் பதில் சொல்வது? எல்லாம் நியாயம்தான். ஆனால் பொறியியல் படித்தவன் என்கிற முறையில் என் ஓட்டு ஏறுகிற பிள்ளைக்கே. இங்கிலாந்தின் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகம் விழா நாள்களில் பழைய டாங்கிகளை ஓட்டியே காட்டுகிறது. இயந்திரம் கைக்குத்தான் புரியும், கண்ணுக்கு அல்ல.

ஃபெரெட் என்ற கவச வண்டியை எடுத்துக்கொள்வோம். டைம்லர் நிறுவனம் 1952இலிருந்து தயாரித்தது. உள்ளே ரோல்ஸ் ராய்ஸின் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இயந்திரம். முன்னால் போக எத்தனை கியரோ, அத்தனையும் பின்னால் போகவும் உண்டு: ஐந்து. "ஏன் அங்கிள், ரிவர்சுக்கு எதுக்கு அஞ்சு?" என்று எந்தப் பிள்ளையும் கேட்கும். பதுங்கித் தாக்கினால் குறுகிய பாதையில் வண்டியைத் திருப்ப நேரமிருக்காது, அதனால்தான்.

எந்தப் பாதை? இங்கேதான் பதில் சிக்கலாகிறது. பிரிட்டிஷ் படைகள் ஃபெரெட்டை மலாயாவிலும் ஓட்டின. அன்றைய பாதைகளில் பல, பால்மரக் காட்டுக்குள் போன தோட்டப் பாதைகள்.

1948 ஜூனில் தொடங்கிய அவசரகாலம் 1960 ஜூலை 31இல்தான் முடிந்தது. ஃபெரெட் வருவதற்கு முன்பே, தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்தின நாள்தான் பி. வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். 1950இல் வந்த பிரிக்ஸ் திட்டம் காட்டோரம் குடியிருந்தவர்களை முள்வேலிக்குள் கொண்டுவந்தது. தோட்டத் தொழிலாளர்களின் லயங்களும் பல இடங்களில் வேலிக்குள் ஒடுங்கின. வேலைக்குப் போகும்போது வாசலில் சோதனை. டின் சாமான் வாங்கினால் கடைக்காரர் ஓட்டை போட்டுத்தான் தர வேண்டும். சில இடங்களில் அரிசிக்குப் பதில் வெந்த சோறுதான் கிடைத்தது. சோறு சீக்கிரம் கெட்டுவிடும், காட்டுக்குள் அனுப்ப முடியாது என்பது கணக்கு.

தோட்டத்துப் பாட்டிகள் இதை 'கம்யூனிஸ்ட் காலம்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். காட்டிலிருந்து வந்தவனுக்கும் பயம், வண்டியில் வந்தவனுக்கும் பயம்.

இராணுவ அருங்காட்சியகம் இராணுவத்தின் கதையைச் சொல்லும். அது அதன் வேலை. வேலியின் இந்தப் பக்கத்துக் கதையை யாரும் பலகையில் எழுதித் தரப்போவதில்லை. 1950இல் பத்து வயதாக இருந்த பிள்ளைக்கு இப்போது எண்பத்தைந்துக்கும் கொஞ்சம் கிட்டவோ கூடவோ இருக்கும். தமிழ்ப்பள்ளிகள் சி ரூசாவுக்குப் பஸ் பிடிக்கும்போது அவர்களில் ஒருவருக்கும் ஒரு இருக்கை போடுங்கள். பிள்ளைகள் ஏறி விளையாடட்டும். இறங்கியதும், "இந்த வண்டி எங்க லயத்துக்கு வந்துச்சு" என்று சொல்ல ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும்.