இமைக்கு இமை தந்த வரலாறு

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் காளத்திக்குப் போகாதவர் இருக்க மாட்டார்கள். இறைவன் கண்ணில் குருதி வழிய, சதைக்குச் சதையே மருந்து என்னும் பழைய சொல் திண்ணனாருக்கு நினைவு வந்தது. தம் கண்ணைப் பெயர்த்து அப்பினார் என்று சேக்கிழார் பாடுகிறார். இதையே உலகின் முதல் கண் மாற்று அறுவை என்று மேடையில் முழங்குவோர் உண்டு. அது பக்தி, மருத்துவமாகக் கொள்ளலாகாது என்பதே அடியேன் கருத்து. ஆனாலும் சதைக்குச் சதை என்ற அந்த எண்ணம் என்னை விடவில்லை. காரணம், என் வலக்கண்ணின் மேல் இமை.

நான் மருத்துவன் அல்லேன். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்து, சித்தூரில் நாற்பது ஆண்டுகளாக மாங்காய் மண்டி நடத்துபவன். அறுபத்து மூன்றாம் வயதில் இமையில் ஒரு கட்டி வந்தது. "கண்கட்டிதானே, நாமக்கட்டி உரைச்சுப் போடுங்க, சரியாப் போயிடும்" என்றார்கள் வீட்டில். போட்டேன், போகவில்லை. ஒரு மருத்துவர் கீறி எடுத்தார். ஐந்தே மாதத்தில் திரும்பி வந்தது. மறுபடியும் கீறினார். எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பவில்லை; அனுப்பச் சொல்லி நானும் கேட்கவில்லை. மூன்றாம் முறை வேலூரில் காட்டினேன். ஒரு துண்டை எடுத்துச் சோதித்துவிட்டு அந்த டாக்டரம்மா சொன்னார்: "ஐயா, இது கண்கட்டி இல்லீங்க. புற்று."

இமைப் புற்றைப் பற்றி 1827ல் டப்ளின் நகர மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் எழுதினார். அவர் கண்டது மெதுவாக அரிக்கும் வகை. மேனாட்டில் அதுவே மிகுதி. நம் நாட்டிலோ இமையின் நெய்ச் சுரப்பியில் தோன்றும் வகையும் கணிசமாக உண்டு. அது மேல் இமையில் அதிகம் வரும்; கண்கட்டி போலவே வேடம் போடும்; விட்டால் கழுத்து நெறிக்கட்டி வழியே பரவும். எனக்கு வந்தது அதுதான்.

புற்றைச் சுற்றிலும் நல்ல சதையோடு சேர்த்து வெட்டியாக வேண்டும். வெட்டினால் இமை போய்விடும். இமை போனால் கண்ணீர் பரவாது. கருவிழி காய்ந்து, பார்வையும் போகும். எனவே புது இமை செய்தாக வேண்டும். எதைக் கொண்டு?

இங்கேதான் நம் நாட்டு வரலாறு வருகிறது. சுசுருத சம்கிதையின் உத்தர தந்திரத்தில் இமை நோய்களுக்கென்றே பகுதிகள் உண்டு. அறுந்த மூக்கைக் கட்டும் முறையும் அந்நூலில் இருக்கிறது. திப்பு சுல்தானுடன் 1792ல் முடிந்த போரில் ஆங்கிலேயருக்கு வண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் பிடிபட்டு, மூக்கும் ஒரு கையும் அறுபட்டார். புனே அருகே செங்கல் செய்யும் மரபைச் சேர்ந்த ஒருவர் அவர் நெற்றித் தோலைக் கீழே திருப்பி மூக்குச் செய்தார். இச்செய்தி 1794ல் லண்டன் இதழ் ஒன்றில் படத்தோடு வந்தது. அதைக் கற்ற ஜோசப் கார்ப்யூ 1814ல் லண்டனில் செய்து காட்டினார். ஜெர்மனியில் ஃப்ரிக் 1829ல் நெற்றிப்பொட்டுத் தோலைத் திருப்பி இமை செய்யும் முறையை நூலாக்கினார்.

இதன் சூட்சுமம் காம்பில் இருக்கிறது. தோலை முழுதும் அறுத்துவிடாமல் ஒரு காம்பை விட்டு வைப்பார்கள். அதன் வழியே இரத்தம் ஓடும். மாமரத்தில் நெருக்கு ஒட்டுக் கட்டுவதை நம் சித்தூர் விவசாயிகள் அறிவார்கள். தாய் மரத்துக் கிளையை வெட்டாமலே கன்றோடு சேர்த்துக் கட்டி, ஒட்டிக்கொண்ட பிறகே தாயை விட்டுப் பிரிப்பார்கள். டாக்டரம்மா படம் போட்டு விளக்கியதும், "அம்மா, இது ஒட்டு மாங்கன்று சமாசாரம்தானே?" என்றேன். சிரித்துவிட்டார்.

1937ல் அமெரிக்கரான வெண்டல் ஹியூஸ் மேல் இமையின் உட்புறத்தை இறக்கிக் கீழ் இமை செய்தார். 1955ல் கட்லர், பியர்ட் இருவரும் மறுதலையாக, கீழ் இமைச் சதையை அதன் விளிம்புக்கு அடியில் நுழைத்து மேலேற்றி மேல் இமை செய்தனர். எனக்குச் செய்தது இதுவே. ஏழு வாரம் கண் தைத்து மூடியே இருந்தது. ஒற்றைக் கண்ணால் தராசு முள்ளைப் பார்த்து வியாபாரம் செய்தேன். பிறகு காம்பை வெட்டிக் கண்ணைத் திறந்தார்கள். முதலில் கண்டது என் மனைவி முகம். "முடி இல்லாத இமையா இருக்கேங்க" என்று அழுதாள். முடி போனால் போகட்டும், மூடித் திறக்கிறதே என்றேன்.

அன்பர்களே, இதை எழுதும் நோக்கம் ஒன்றுதான். வயதானவருக்கு ஒரே இடத்தில் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தால், இமை முடி உதிர்ந்தால், நாமக்கட்டியோடு நிற்க வேண்டாம். அறுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பும்படி வாய்விட்டுக் கேளுங்கள். முன்பு போல வேலூருக்கும் சென்னைக்கும்தான் ஓட வேண்டும் என்பதில்லை. 2019 முதல் திருப்பதியிலேயே அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. முதல் முறையே நான் கேட்டிருந்தால் பாதி இமையாவது எனக்கு மிஞ்சியிருக்கும்.