துப்பாக்கி வலிமைச் சோதனை: வரலாறும் பழைய குழல்களுக்கு நேரும் சேதமும்

துப்பாக்கி வலிமைச் சோதனை என்பது, ஒரு துப்பாக்கியோ பீரங்கியோ வழக்கமான பயன்பாட்டில் சந்திக்கும் அழுத்தத்தைவிட மிகுதியான அழுத்தத்தை உண்டாக்கும் அளவுக்கு மருந்தும் குண்டும் இட்டு, ஆட்கள் மறைவில் நின்றபடி அதை வெடிக்கச் செய்து, அதன் பின் குழலையும் பூட்டமைப்பையும் ஆராய்ந்து, பழுதற்றதன் மீது முத்திரை பொறிக்கும் நடைமுறையாகும். புதிதாகச் செய்யப்பட்ட குழலில் மறைந்திருக்கும் குறையை, அது வாங்குபவரின் கையில் வெளிப்படுவதற்கு முன்பே வெளிக்கொணர்வதற்காக ஏற்பட்ட இந்நடைமுறை, நூறாண்டு பழைய துப்பாக்கியின் மீது மீண்டும் நிகழ்த்தப்படும்போது வேறொரு தன்மையைப் பெறுகிறது. இருக்கும் வலிமையை அளப்பதற்காகச் செய்யப்படும் சோதனையே அவ்வலிமையின் ஒரு பகுதியைக் குலைத்துவிடக்கூடும்.

வெடிமருந்துக் கருவிகள் அவற்றை இயக்கியவர்களையே கொன்ற நிகழ்ச்சிகள் தொடக்க காலத்தில் அரிதல்ல. ஸ்காட்லாந்து அரசர் இரண்டாம் ஜேம்ஸ் 1460இல் ராக்ஸ்பரோ கோட்டை முற்றுகையின்போது தம் பக்கத்துப் பீரங்கியொன்று வெடித்துச் சிதறியதால் உயிரிழந்தார். இந்த அபாயத்தைத் தடுக்கும் சோதனை, தனிமனிதர் வாங்கும் துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, பட்டயங்களாலும் ஆணைகளாலும் ஏற்பட்டது: இங்கிலாந்து அரசர் முதலாம் சார்லஸ் 1637இல் லண்டன் துப்பாக்கிக் கம்மியர் குழுமத்துக்கு வழங்கிய பட்டயம், தலைநகரிலும் அதைச் சூழ்ந்த பகுதியிலும் செய்யப்படும் துப்பாக்கிகளைச் சோதித்து முத்திரையிடும் உரிமையை அக்குழுமத்துக்கு அளித்தது. இன்றைய பெல்ஜியத்தைச் சேர்ந்த லியேஜ் நகரில் 1672இல் இத்தகைய சோதனை ஆணையால் நடைமுறைக்கு வந்தது. பிரிட்டனின் துப்பாக்கித் தொழிலில் பெரும்பங்கைத் தன் பட்டறைகளில் கொண்டிருந்த பர்மிங்ஹாம், அங்குள்ள துப்பாக்கித் தொழில் செய்வோர் தாங்களே வேண்டிப் பெற்ற 1813ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தனக்கெனச் சோதனைச் சாலையை அமைத்துக்கொண்டது. பின்னர் வந்த 1855, 1868ஆம் ஆண்டுச் சட்டங்கள் நாடு முழுமைக்குமான விதிகளை வகுத்து, முத்திரையற்ற துப்பாக்கியை விற்பதையும் முத்திரையைப் போலியாகப் பொறிப்பதையும் குற்றமாக்கின.

இவ்விதிகளின்படி சோதனை இரு நிலைகளில் நடந்தது. பூட்டும் அடிக்கட்டையும் பொருத்தப்படாத முரட்டுக் குழல் முதலில் தற்காலிகச் சோதனைக்கு உட்பட்டது. குறையுள்ள இரும்பில் மேலும் கைவேலை வீணாகாமல் தடுத்தது இந்நிலை. குழல்கள் இணைக்கப்பட்டுப் பூட்டமைப்பு பொருந்திய பிறகு இறுதிச் சோதனை நடந்தது. இரு நிலைகளிலும் வெடித்த குழலின் இழப்பு செய்தவரையே சார்ந்தது.

பீரங்கித் துறையில் சோதனை இன்னும் கடுமையாக இருந்தது. லண்டனை அடுத்த வுல்விச் ஆயுதசாலையில் புதிய பீரங்கிகள் மிகை மருந்தால் வெடிக்கப்பட்டன. அதன்பின் கண்ணாடியால் சூரிய ஒளியைக் குழலுக்குள் திருப்பி உட்பரப்பைப் பார்ப்பதும், விரிசலில் சிக்கும் கூர்முனைகள் கொண்ட கோலை உள்ளே செலுத்தித் தடவிப் பார்ப்பதும், தண்ணீரை அழுத்தத்துடன் ஏற்றிக் கசிவு தோன்றுகிறதா என்று கவனிப்பதும் வழக்கமாயின. 1780இல் பீரங்கி ஆய்வாளர் பொறுப்பேற்ற தாமஸ் புளூம்ஃபீல்ட் இச்சோதனைகளை இறுக்கி, வார்ப்பாலைகள் அனுப்பிய பீரங்கிகள் பலவற்றைத் தள்ளினார்.

சோதனையின் அளவைப் பற்றிய பாடமாகப் பொறியியல் வரலாற்றில் நிலைத்திருப்பது, 1844 பிப்ரவரி 28 அன்று பொட்டோமாக் ஆற்றில் அமெரிக்கப் போர்க்கப்பல் பிரின்ஸ்டனில் நேர்ந்த விபத்தாகும். அக்கப்பலில் ஏறக்குறைய ஒரே வடிவில் அமைந்த இரண்டு பெரும் தேனிரும்புப் பீரங்கிகள் இருந்தன. ஜான் எரிக்சன் வடிவமைத்த 'ஓரிகன்' நீண்ட சோதனைகளுக்கு உட்பட்டு, அவற்றின்போது விரிசல் கண்டு, சூட்டில் ஏற்றப்பட்ட இரும்பு வளையங்களால் வலுப்படுத்தப்பட்டது. கப்பல் தலைவர் ராபர்ட் ஸ்டாக்டன் பின்னர் செய்வித்த 'பீஸ்மேக்கர்' மிகச் சில முறையே வெடிக்கப்பட்டுத் தகுதியுடையதாக ஏற்கப்பட்டது. விருந்தினர்கள் முன்னிலையில் அது வெடித்துச் சிதறியபோது வெளியுறவுச் செயலர் ஏபெல் அப்ஷர், கடற்படைச் செயலர் தாமஸ் கில்மர் உள்ளிட்ட அறுவர் மாண்டனர். குறைவான சோதனை பீஸ்மேக்கரின் குறையை மறைத்துவிட்டது என்பது பலராலும் சொல்லப்படுகிறது. சோதனைக்குள்ளேயே ஓரிகன் விரிசல் கண்டது என்பதும் அதே அளவு கவனத்துக்குரியது. அங்கே சேதம் கண்ணுக்குத் தெரிந்ததால் சீர்செய்ய முடிந்தது. கண்ணுக்குத் தெரியாமல் தங்கிவிடும் சேதமே பழைய துப்பாக்கிகளைப் பற்றிய அச்சத்தின் வேர்.

அத்தகைய சேதத்தின் காரணம் உலோகத்தின் இயல்பிலேயே உள்ளது. மருந்து எரியும் கணத்தில் குழல் விரிவடைகிறது. அப்போது சுவரில் ஏற்படும் தகைவு, அதாவது பரப்பலகு ஒன்றின் மீது செயல்படும் உள்விசை, உலோகத்தின் மீட்சி எல்லைக்குள் இருந்தால் குழல் பழைய அளவுக்குத் திரும்புகிறது. எல்லையைத் தாண்டினால் விரிவின் ஒரு பகுதி நிலைத்துப் புடைப்பாகிறது. தடித்த சுவருடைய எஃகுப் பீரங்கியில் இதுவே நன்மையாகவும் முடியலாம்: உட்சுவர் மட்டும் சிறிது நிலையாக விரிந்து, மீள முயலும் வெளிச்சுவரால் நெருக்கப்பட்டு, முன்பைவிட உறுதியடைகிறது, 20ஆம் நூற்றாண்டுப் பீரங்கிச் செய்முறையில் நீரழுத்தத்தால் திட்டமிட்டே இவ்வாறு செய்யப்பட்டது. வேட்டைக்குரிய ரவைத் துப்பாக்கியின் மெல்லிய குழலுக்கு இந்த நன்மை கிடைப்பதில்லை. அதில் ஏற்கனவே ஒரு விரிசல் நுனி இருந்தால் மிகையழுத்தம் அதை உடைக்காமல் சிறிது நீட்டிவிட்டுப் போகலாம். அந்தத் துப்பாக்கி சோதனையில் தேறி, முத்திரை பெற்று, பிறகு சாதாரணத் தோட்டாவுக்கே பிளந்துவிட இடமுண்டு. சோதனைச் சாலையின் முத்திரை அன்றைய வெடிப்பைக் குழல் தாங்கியது என்பதற்குச் சான்று. எஞ்சிய ஆயுளுக்கு அது உறுதியளிப்பதில்லை.

பழைய குழல்களில் இத்தகைய விரிசல் நுனிகளுக்குக் குறைவில்லை. கருமருந்தின் எச்சம் ஈரத்தை ஈர்த்து உட்சுவரை அரிக்கிறது. பழைய வெடிமூடிகள் விட்டுச்செல்லும் உப்பும் அவ்வாறே செய்கிறது. இரட்டைக்குழல்களை இணைக்கும் பட்டையின் அடியில், ஈயப்பற்று விட்டுப்போன இடத்தில் தேங்கும் துரு வெளியிலிருந்து தெரிவதில்லை. இரும்பும் எஃகும் கலந்த கம்பிகளை முறுக்கி, உருளை ஒன்றின் மீது சுருள்சுருளாகச் சுற்றி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டிச் செய்யப்பட்ட டமாஸ்கஸ் குழல்களில் ஒவ்வொரு ஒட்டும் ஒரு நீண்ட பொருத்துவாய். அதனுள் சிக்கிய கசடு அரிப்புக்கு வழிவிடுகிறது. ஆயினும் டமாஸ்கஸ் குழல் அனைத்தும் வலுவற்றது என்னும் பரவலான கருத்து நியாயமற்றது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பர்மிங்ஹாம் சோதனைச் சாலை பல வகைக் குழல்களை ஒப்பிட்டபோது, ஆங்கிலேய முறையில் அடுக்கி முறுக்கிய குழல்கள் எஃகுக் குழல்களையும் விஞ்சி நின்றன.

பிரான்சின் பால் வியேய் 1884இல் உருவாக்கியது முதலான புகையற்ற மருந்துகள் பரவியபோது சிக்கல் மேலும் கூர்மையடைந்தது. கருமருந்துக்கெனச் சோதிக்கப்பட்ட குழலில் புதிய மருந்தை இட்டால், அழுத்தத்தின் உச்சமும் அது குழலில் பரவும் முறையும் மாறுபடுகின்றன. எனவே பிரிட்டனில் புகையற்ற மருந்துக்கெனத் தனிச்சோதனையும், 1904ஆம் ஆண்டு விதிகளில் அதற்கெனத் தனி முத்திரையும் ஏற்பட்டன. லியேஜில் 1914இல் தொடங்கிய, துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு நிலைக்குழு பின்னர் பல நாடுகளின் விதிகளை ஒருமைப்படுத்தியது. அதன் விதிப்படி, சுழல்வரிக் குழல் துப்பாக்கியின் சோதனைத் தோட்டா அனுமதிக்கப்பட்ட உச்ச அழுத்தத்தைவிட 25 விழுக்காடும், கைத்துப்பாக்கியின் சோதனைத் தோட்டா 30 விழுக்காடும் மிகையாக இருக்க வேண்டும். அமெரிக்காவில் அரசுச் சோதனைச் சாலை ஏற்படவில்லை, உற்பத்தியாளர்களே சோதிக்கின்றனர்.

பழைய துப்பாக்கி ஒன்று மீண்டும் சோதனைக்குச் செல்ல வேண்டிய நிலை பெரும்பாலும் அளவுமாற்றத்தால் வருகிறது. துருக்குழிகளை நீக்க உட்சுவரைத் தேய்த்ததால் குழலின் உள்விட்டம் முத்திரையில் குறித்த அளவைவிட அங்குலத்தில் ஆயிரத்தில் பத்துப் பங்குக்கு மேல் பெருகினால், பிரிட்டனில் அத்துப்பாக்கி சோதனைத் தகுதியை இழந்ததாகக் கொள்ளப்படுவது மரபு; இரண்டரை அங்குலத் தோட்டா அறையை நீட்டினாலும் மறுசோதனை தேவைப்படும். அதில் நேரும் சேதம் உரிமையாளரின் பொறுப்பே. குழல் வெடிப்பதோடு பூட்டமைப்பு தளர்தல், நூற்றாண்டு பழைய மரக்கட்டை பிளத்தல் ஆகியவையும் நேரலாம். ஆகவே அளந்து பார்த்த பிறகே வெடித்துப் பார்ப்பது என்னும் ஒழுங்கு தேர்ந்த கம்மியரிடையே நிலவுகிறது. சுவரின் தடிப்பை நீளம் முழுதும் அளந்து, அரை மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கும் இடங்களைக் குறித்து, சாயம் ஊடுருவச் செய்தும் காந்தத்துகள் தூவியும் விரிசலைத் தேடி, பட்டையின் ஒட்டைச் சரிபார்த்த பிறகு பல துப்பாக்கிகளுக்கு மிகை வெடிப்பே வேண்டாம் என்ற முடிவு கிடைத்துவிடுகிறது. இவ்வழிகளை விட்டுவிட்டு, துப்பாக்கியைக் கட்டிவைத்து இரட்டை மருந்திட்டுக் கயிற்றால் இழுத்துப் பார்க்கும் வீட்டு முறை இரு வகையிலும் தவறானது: அழுத்தம் எவ்வளவு என்பது தெரிவதில்லை, தேறிய குழலின் உள்நிலையும் தெரிவதில்லை.

வழக்கத்தில் இல்லாத, ஒப்பற்ற பீரங்கிகளில் சோதனையின் பயன் இன்னும் குறைகிறது. 1449இல் மான்ஸ் நகரில் செய்யப்பட்டு எடின்பரோ கோட்டையில் இருக்கும் 'மான்ஸ் மெக்', ஏறத்தாழ 230 ஆண்டுகளுக்குப் பின், 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரச குடும்பத்தினருக்கு மரியாதை வெடியாகச் சுடப்பட்டபோது பிளந்தது. அது போர்ச்சூடும் அல்ல, சோதனைச் சூடும் அல்ல; இத்தகைய கருவி எந்தச் சூட்டில் பிளக்கும் என்பதைச் சோதனையால் முன்கூட்டிச் சொல்ல முடியாது. வெடித்த வளையங்கள் இருந்த இடம் இன்றும் சீராக்கப்படாமல், உள்ளிருக்கும் நீளவாட்டு இரும்புப் பட்டைகள் வெளித்தெரியும்படி அப்படியே உள்ளது.