கரண்ட் போன இரவில் எந்தத் தொலைபேசி பேசும்?

2022 மார்ச் இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதுமே இருண்டது. கைபேசிக் கோபுரங்களுக்கும் மின்சாரம் வேண்டும். அது நின்றால் பற்றரி, பற்றரி தீர்ந்தால் ஜெனரேட்டர், ஜெனரேட்டருக்கு டீசல். 2022இல் டீசலுக்கும் வரிசைதான்.

தம்பலகாமத்தின் வயல்வெளி வீடுகளுக்கு இது சின்ன விடயமல்ல. கந்தளாய்க் குளத்து நீரை நம்பிய ஊர் இது. 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் அந்தக் குளக்கட்டு உடைந்து 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இப்படியான நேரத்தில் எச்சரிக்கை வர வேண்டுமானால் வீட்டில் ஏதோ ஒன்று ஒலிக்க வேண்டும். எனக்குத் தெரிந்த பல வீடுகளில் பிள்ளைகள் வெளிநாட்டில். இரவில் இருப்பது வயதானவர்கள் மட்டும்.

"ஆபத்து அவசரத்துக்கு வீட்டு ஃபோன் ஒன்று இருக்கட்டும்" என்பார்கள் பெரியவர்கள். அது சரியா என்பது என்ன ஃபோன் என்பதைப் பொறுத்தது. 026இல் தொடங்கும் இலக்கங்கள் எல்லாம் ஒரே வகை அல்ல.

முதலாவது, பழைய செப்புக் கம்பி இணைப்பு. இதற்கான மின்சாரம், சுமார் 48 வோல்ட், தொலைபேசி நிலையத்தின் பற்றரிகளிலிருந்து அதே கம்பி வழியாக வருகிறது. வீட்டில் கரண்ட் இல்லாவிட்டாலும் வயர் பூட்டிய சாதாரண ஃபோன் வேலை செய்யும். வயரில்லாத கோட்லெஸ் ஃபோன் வேலை செய்யாது, அதன் அடித்தட்டுக்கு வீட்டு மின்சாரம் தேவை. மரம் விழுந்து கம்பி அறுந்தாலும் இணைப்பு போய்விடும்.

இரண்டாவது, சிடிஎம்ஏ காலத்தில் பரவி இன்று எல்டிஈக்கு வந்திருக்கும் கம்பியில்லா வீட்டு ஃபோன். இது கோபுரத்தை நம்பியது. கோபுரம் நின்றால், கைபேசியைப் போலவே இதுவும் நிற்கும்.

மூன்றாவது, ஃபைபர். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. சுவரில் செருகிய பெட்டி அணைந்தால் ஃபோனும் அணைந்துவிடும்.

உங்கள் வீட்டில் இருப்பது எது என்று அறிய ஐந்து நிமிடம் போதும். பகலில் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு ரிசீவரைத் தூக்கிப் பாருங்கள். ஃபைபர் பூட்டியிருந்த என் பெரியம்மா வீட்டில் அப்படித்தான் பார்த்தோம். "ஒரு சத்தமும் கேக்கேல்லையே பிள்ளை" என்றார். அந்தப் பெட்டிக்கு ஒரு சின்ன யூபிஎஸ் வாங்கிப் பூட்டிய பிறகு கரண்ட் போனாலும் டயல் டோன் வந்தது.

செப்புக் கம்பி இணைப்பு இருந்தால், அது மாறும்வரை ஒரு வயர் ஃபோனையும் அதில் வைத்திருங்கள். பூட்டுத் திறக்கத் தேவையில்லை, சார்ஜ் தேவையில்லை, இருட்டில் தேடவும் தேவையில்லை. கம்பியில்லா வகை என்றால், அவசரத்துக்கென்று அதற்குத் தனியாக மாதக் கட்டணம் கட்டுவதைவிட வேறொரு நிறுவனத்தின் சிம்மும் ஒரு பவர் பேங்கும் பயன் தரும்.

எந்த ஃபோனாக இருந்தாலும் அதன் பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள்: இலவச அம்புலன்ஸ் சுவசெரிய 1990, பொலிஸ் 119, அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கீழே உங்கள் முகவரியையும், வீட்டுக்கு அருகிலுள்ள கோயில், பாடசாலை அல்லது சந்தியின் பெயரையும் எழுதுங்கள். பதற்றத்தில் முதலில் மறப்பது சொந்த விலாசம்தான்.