மேசை மேல் ஒரு போர்

கிழக்கில் யுத்தத்தோடு வளர்ந்த நமது தலைமுறைக்கு, மேசையில் பொம்மைப் படைகளை நிறுத்திப் போர் விளையாடுவது உறுத்தலாம். கல்முனையில் இதைப் பற்றிப் பேசினால் முதலில் வரும் கேள்வியும் அதுதான்.

இதில் சதுரங்கம் போலக் கட்டங்கள் இல்லை. படைகள் அளவுகோலால் அளந்து நகரும். தாக்குதலின் முடிவைப் பகடை சொல்லும். 1824இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ், பயிற்சிக்காக இத்தகைய விளையாட்டொன்றின் விதிகளை வெளியிட்டார். 1913இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டில் ஆடும் விதிகளை ‘லிட்டில் வார்ஸ்’ நூலில் தந்தார். 1983இல் பிரித்தானியாவில் ‘வார்ஹாமர்’ வந்தது.

படிப்பு, வேலை, குடும்பம் என்று விட்டவர்கள் நடுவயதில் திரும்பி வருவது இந்தப் பொழுதுபோக்கில் வழக்கம். திரும்புவதற்கு விலையுயர்ந்த உருவங்கள் கட்டாயமில்லை. மட்டையில் வெட்டியவையே போதும். மார்க்கக் காரணத்தால் பகடையைத் தவிர்ப்போருக்கும் வழியுண்டு: 1876இல் ஜேர்மன் அதிகாரி வெர்டி து வெர்னுவா பகடையை விட்டு, முடிவை நடுவரிடம் ஒப்படைத்தார்.

உறுத்தலுக்கு வெல்ஸ் தன் நூலிலேயே பதில் சொன்னார்: சின்னப் போரை ஆடிப் பார்ப்பவருக்கு, உண்மைப் போர் எவ்வளவு பெரிய மடமை என்பது விளங்கும். மறுவருடமே முதலாம் உலகப் போர் மூண்டது.